அகழெலியும் அணுவிரதமும்



சென்ற ஐப்பசியில் அம்பத்தூரில் ஓர் இல்லத்தில் நடந்த சுவாத்தியாயக் கூட்டம் முடிந்து எழும் வேளையில், சிராவகர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வினாவை முன்வைத்தார். "என் வீட்டுக் கொல்லையில் பெருச்சாளி வளை தோண்டியிருக்கிறது. வாழைக் கிழங்கைக் குடைகிறது. சுற்றுச்சுவரின் அடியிலும் மண் சரிகிறது. நச்சு வைக்க மனம் ஒப்பவில்லை. வைக்காவிட்டால் சுவர் சாயும் என்று கொத்தனார் சொல்கிறார். நான் என்ன செய்வது?" என்றார். கூடியிருந்தோரில் சிலர் நகைத்தனர். ஆயினும் அவர் கேட்டது நகைப்பதற்குரிய வினா அன்று. ஆன்மாவின் இலக்கணத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய நாம், வீட்டுக் கொல்லையில் உள்ள ஓர் ஐம்பொறி உயிரைப் பற்றிய வினாவுக்கு விடை கூற இயலாமல் கலைந்தோம். அந்தக் குறையை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

நம் சமூகத்தார் வழிவழியாக உழவர்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களில் நிலமுடைய குடும்பங்கள் பல. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், வேலையை நாடி இப்பகுதிக்கு வந்து குடியேறியோர் நம்முள் உண்டு. நாம் மனை வாங்கிய இடங்களில் பெரும்பாலானவை ஏரிப்பாசன வயல்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றின் நீரால் நெல் விளைந்த நிலங்களில்தான் நம் வீடுகள் நிற்கின்றன. வரப்பு போயிற்று, வரப்பில் வாழ்ந்த எலி போகவில்லை. இடையிடையே கிடக்கும் வெற்று மனைகளின் புதரும், மூடாத வடிகாலும், தெருமுனைக் குப்பையும் அதற்கு வயலைவிட வசதியாயின. ஐப்பசி, கார்த்திகையில் வெற்று மனைகளில் நீர் தேங்கியவுடன் வளைகள் மூழ்குகின்றன. எலிகள் மேடான இடத்தைத் தேடுகின்றன. மேடான இடம் என்பது நாம் மண் கொட்டி உயர்த்திய நம் வீட்டு மனையே. 2015ஆம் ஆண்டுப் பெருமழையிலும், 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற தெருக்களில் வாழ்வோர் இதனைக் கண்ணால் கண்டிருப்பர்.

எதிரி யார் என்று அறிதல்

மண்ணைத் தோண்டுவன எல்லாம் ஒன்றல்ல. முதலில் மூஞ்சூற்றை விலக்கிவிடுவோம். நீண்ட கூர்மூக்கும், 'கீச்சு கீச்சு' என்ற ஒலியும், ஒருவகை நாற்றமும் உடைய அவ்வுயிர் எலி இனத்தைச் சேர்ந்ததே அன்று. கொறிக்கும் பல் அதற்கு இல்லை. கரப்பான், புழு, வண்டு முதலியவற்றைத் தின்று வாழ்வது, செடியைத் தொடுவதில்லை. பெருச்சாளிக்கு வைத்த நச்சிலும் பொறியிலும் இக்குற்றமற்ற உயிர் அகப்பட்டு மாள்வதைப் பல இல்லங்களில் காண்கிறோம்.

வயலுக்கும் தோட்டத்துக்கும் மெய்யாகவே கேடு செய்வது அகழெலி. வரப்பெலி என்றும், சிறு பெருச்சாளி என்றும் இதனை வழங்குவர். வளர்ந்த எலி கால் கிலோ அளவில் இருக்கும். இதன் உறவான பெரிய பெருச்சாளி ஒரு கிலோ எடையை நெருங்கும். ஆங்கிலேயர் இவற்றுக்கு இட்ட பெயர்கூட, பன்றியெலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்ததே. மணற்பாங்கான மேட்டு நிலத்தில் வெள்ளெலி உண்டு. வால் நுனியில் மயிர்க்குஞ்சம் கொண்டு தாவிச் செல்லும். வயலில் சிறு வளை தோண்டும் சுண்டெலியும், புல்லெலியும் உள. ஆயினும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளின் களிமண் கலந்த ஈர நிலத்தில் நாம் காணும் வளை பெரும்பாலும் அகழெலியுடையதும் பெருச்சாளியுடையதுமே.

அகழெலியின் வளையை அடையாளம் காண்பது எளிது. வளைவாயின் அருகே புதுமண் பொலபொலவென்று குவிந்து கிடக்கும். உள்ளே எலி இருக்கும்போது வாயைத் தானே மண்ணால் அடைத்துக் கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. ஆகையால் திறந்து கிடக்கும் ஓட்டையைவிட, புதுமண் மூடிய குவியலே எலி குடியிருப்பதற்குச் சான்று. உள்ளே பல கிளைகள் ஓடும். குட்டிகளுக்கு ஓர் அறை. தானியம் சேர்க்க அறைகள். அவசரத்தில் தப்பி ஓட, மேலே மெல்லிய மண்படலம் மட்டும் விட்டு வைத்த மறைவாயில். நெல் பொதிகட்டும் பருவத்தில் தண்டைச் சாய்வாக அறுத்து வீழ்த்துவதும், முற்றிய கதிரை அறுத்து வளைக்குள் இழுத்துச் செல்வதும் இதுவே. அது தின்பதைவிட, அறுத்தும் சேர்த்தும் பாழாக்குவது மிகுதி. தென்னங்கன்றின் அடியில் தோண்டிச் சென்று குருத்தைத் தின்று கன்றையே சாய்த்துவிடும்.

கருக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள். உணவு தட்டாமல் கிடைக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் ஈனும். இக்கணக்கில் ஒரு பாடம் அடங்கியுள்ளது. ஓரிடத்தில் எத்தனை எலிகள் வாழும் என்பதை அங்குக் கிடைக்கும் உணவும் மறைவிடமுமே தீர்மானிக்கின்றன. பத்து எலிகளில் ஆறு செத்தால், எஞ்சிய நான்கிற்கும் உணவு பெருகுகிறது. அடுத்த மனையிலிருந்தும் புதியவை வந்து வெற்று வளையில் குடியேறுகின்றன. சில திங்களில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். கொல்வது பாவம் என்பது ஒருபுறம் இருக்க, கொல்வதனால் மட்டும் எலி குறைவதில்லை என்பதும் உண்மை. ஆண்டுதோறும் நச்சு வாங்குவோர் ஆண்டுதோறும் நச்சு வாங்கிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான்.

நச்சு யாரைக் கொல்கிறது?

கடைகளில் எலிமருந்து என்னும் பெயரில் விற்பவற்றை 'மருந்து' என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. வயலில் மிகுதியாக வைக்கப்படும் துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வளியை உண்டாக்குகிறது. அலுமினிய பாஸ்பைடோ காற்றின் ஈரம் பட்ட அளவிலேயே அவ்வளியை வெளிவிடும். புரோமாடியோலோன் போன்றவை இரத்தம் உறையும் ஆற்றலைக் கெடுத்துச் சில நாட்களில் உள்ளுக்குள்ளேயே குருதி கசியச் செய்து கொல்கின்றன. அந்த எலியைத் தின்னும் கூகைக்கும், பூனைக்கும், நாய்க்கும் அந்த நஞ்சு சேர்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிப்பது. அதனைத் தின்று மாண்ட மனித உயிர்கள் பலவாயிருந்தமையால் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு அதற்குத் தடை விதித்தது.

பூவிருந்தவல்லிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்றத்தூரில், 2024 நவம்பரில், எலிகளுக்காக வீட்டினுள் வைக்கப்பட்ட நச்சின் வளியை இரவில் சுவாசித்து ஒரு சிறுமியும் அவள் தம்பியாகிய கைக்குழந்தையும் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் உயிருக்குப் போராடினர். செய்தித்தாளில் அதனைப் படித்த அன்று நம்மில் பலர் கலங்கினோம். மூடிய அறைக்குள் பாஸ்பீன் போன்ற வளியை எழுப்பும் பொருள் ஒருபோதும் வீட்டினுள் வைக்கத் தக்கதன்று என்பதை, நம் சமயத்தைச் சாராதவர்க்கும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.

எலியை அப்படியே விட்டுவிடலாம் என்றும் நான் கூறவில்லை. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் காலில் புண்ணோடு நடப்பவரை எலிக்காய்ச்சல் பற்றும். சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். சென்னைப் புறநகரில் மழைக்காலந்தோறும் மருத்துவர்கள் இதனை எதிர்பார்த்தே இருக்கின்றனர். மேலும், ஏரிக்கரையில் எலி தோண்டிய வளை நீர்க்கசிவுக்கு வழியாகும். ஆகவே எலியை விலக்குதல் இல்லறத்தானின் கடமையே.

ஆகமம் என்ன கூறுகிறது?

இல்லறத்தானுக்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர் என்பது நாம் அறிந்ததே: கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்யும் சங்கல்பி, சமைத்தல் பெருக்குதல் போன்ற வீட்டு வேலையில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்தியோகி, தற்காப்பில் நேரும் விரோதி. இவற்றுள் சங்கல்பியை இல்லறத்தான் அறவே விடுதல் வேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். ஏர் உழும்போது கொழுமுனையில் ஒரு வளை சிதைந்து குட்டி மாண்டால் அது உத்தியோகி. ஆனால் அரிசியை வறுத்து, எண்ணெய் பிசறி, நஞ்சு கலந்து, எலி விரும்பி உண்ணும் வண்ணம் மாலையில் கொண்டுபோய் வளைவாயில் வைப்பது எது? "பயிரைக் காக்கவே செய்தேன், ஆகவே இது விரோதி" என்று சிலர் வாதிடுவர். ஓடி வந்து தாக்கும் பகைவனைத் தடுப்பது வேறு. பசித்து வரும் உயிருக்கு உணவென்று காட்டி நஞ்சு ஊட்டுவது வேறு. எனக்கு அது சங்கல்பியாகவே தோன்றுகிறது. கற்றறிந்தோர் மாறுபட்டால் திருத்திக் கொள்வேன்.

இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் ஓதுகிறோம். அம்மரபு கூறும் அனர்த்த தண்டங்களுள் ஒன்று இம்சாதானம். அதாவது நஞ்சு, படைக்கலம் முதலிய கொலைக் கருவிகளைப் பிறருக்குக் கொடுத்தல். அண்டை வீட்டார் கேட்டார் என்று மீதமிருந்த எலிப்பொட்டலத்தை மதிலின் மேல் நீட்டிவிடுபவர் இதனை நினைத்தல் வேண்டும். நச்சு வணிகம் விலக்கப்பட்ட தொழில்களுள் அடங்கும். எலியைப் பிடிப்பதற்கென்றே பூனை வளர்த்தலும் அத்தகையதே. கொல்லும் உயிரை வளர்த்துப் பயன்கொள்ளுதல் சிராவகனுக்குத் தகாது.

இனி, நம்மில் பலர் புண்ணியம் என்று எண்ணிச் செய்யும் ஒன்றைக் கூறுவேன்; இதில் குற்றவாளி நானே. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுத் துவைகல்லின் அடியில் பெருச்சாளி குடியேறியபோது, கொல்லாமல் பிடிக்கலாம் என்று கம்பிக்கூண்டு ஒன்றை வாங்கி, தேங்காய்ச் சில் வைத்துவிட்டு உறங்கினேன். முதல் மூன்று நாள் ஒன்றும் அகப்படவில்லை. நான்காம் நாள் உறவினர் இல்லத் திருமணத்துக்காக வந்தவாசி சென்றோம். கூண்டை எடுத்து வைக்க எவருக்கும் நினைவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது கூண்டினுள் அது செத்துக் கிடந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாய் குருதியாக இருந்தது. அகிம்சா அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் கட்டுதலும், உணவும் நீரும் தடுத்தலும் சொல்லப்பட்டுள்ளன அல்லவா? 'கொல்லவில்லை' என்னும் செருக்கோடு கூண்டு வாங்கிய நான், ஒரே செயலில் அவ்விரண்டையும் செய்ததோடு கொலையும் செய்து முடித்தேன். வேகமாகக் கொல்லும் பொறியைவிட என் கூண்டு கொடியதாயிற்று. பசை அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓட்டிக்கொண்ட எலி தன் தோலையே பிய்த்துக்கொள்ளும்.

கூண்டில் பிடித்து வண்டியில் கொண்டுபோய்ச் செங்குன்றம் பக்கம் விட்டுவருவோரும் உளர். நாம் விட்ட இடம் வேறொருவர் நிலம். நம் தொல்லையை அவருக்கு ஏற்றுமதி செய்கிறோம். அறியாத இடத்தில் வளையும் உணவும் இன்றி விடப்பட்ட எலி நெடுநாள் பிழைப்பது அரிது. பிடிபட்டது பாலூட்டும் தாயாயின், வளையில் கண் திறவாத குட்டிகள் பட்டினியால் மாளும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றையும் எண்ணிப் பார்க்கும் மரபில் வந்த நாம், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிகளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

இருளர் அறிந்தது

இப்பகுதியில் எலியைப் பற்றி எவரையும்விட நன்கறிந்தவர் இருளர் இன மக்கள். 1970களில் பாம்புத்தோல் வாணிகம் தடைசெய்யப்பட்டபின் அவர்கள் வாழ்வு நலிந்தது. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. எலி பிடித்தலோ அவர்களுக்குத் தொன்றுதொட்ட தொழில். எலியின் ஊனும், வளையில் அது சேர்த்த நெல்லும் அவர்களுக்கு உணவு. மண்பானையில் வைக்கோலைப் புகைத்து, அடியிலுள்ள துளையில் வாய்வைத்து ஊதி, வளைக்குள் புகையைச் செலுத்துவர். அப்படி ஊதி ஊதி உதடு வெந்து நெஞ்சு கெட்டவர் பலர். திருவள்ளூர் மாவட்டத்து இருளர்க்கு மண்பானைக்கு மாற்றாக, கையால் சுழற்றும் விசிறி பொருத்திய எஃகுக் கலம் ஒன்றை வழங்கும் திட்டம் 2003இல் உலக வங்கியின் போட்டியொன்றில் பரிசு பெற்றது.

அவர்களை நாம் இகழ்தல் தகாது. உண்பதற்கு வேண்டிய அளவே கொள்கின்றனர், நிலத்தில் நஞ்சிடுவதில்லை. ஆயினும் 'நான் கொல்லவில்லை, அவரல்லவா கொல்கிறார்' என்று கூலி கொடுத்து அழைத்துவிட்டு, திண்ணையில் அமர்ந்து நவகாரம் சொல்வது நமக்கு வழியாகாது. செய்வித்தல் அது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது வேறு: எந்த வளையில் எலி இருக்கிறது, எதில் இல்லை, மறைவாயில் எங்கே என்று மண்ணைப் பார்த்தே சொல்லும் அறிவு.

கொல்லாமல் விலக்கும் வழி

எஞ்சியிருப்பது ஒன்றே: வரவிடாமல் செய்தல். இது சிரமமானது, செலவும் பிடிப்பது, ஆனால் நிலைத்திருப்பது.

தோட்டத்தில் முதல் வேலை உணவை நீக்குதல். கீழே விழுந்த கொய்யாவும் மாவும் மாலைக்குள் பொறுக்கப்படல் வேண்டும்; இரவில் நடமாடும் எலிக்கு இரவில் உணவு கிடக்கலாகாது. நாய்க்கும் காக்கைக்கும் வைத்த சோற்றின் மிச்சத்தை இரவில் அகற்றுக. இரவுணவை விலக்கும் நோன்புடைய இல்லங்களில் அடுப்படி அந்திக்குள் தூய்மையாகிவிடுவது இதற்கும் துணையாகிறது. செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், உடைந்த தொட்டி ஆகியவற்றை மதிலை ஒட்டி வைத்தல் ஆகாது. மதிலோரம் இரண்டடி அகலம் புல்லின்றித் திறந்த நிலமாக விட்டால், வெட்டவெளியைக் கடக்க அஞ்சும் எலி அங்குத் தோண்டத் தயங்கும்.

இரண்டாவது கம்பிவலை. அரை அங்குலக் கண்ணுக்கு மேற்படாத துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையை மதிலோரம் ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக ஓரடி மடக்கிவிட வேண்டும். மதிலை ஒட்டித் தோண்டும் எலி வலையில் முட்டும். அதைவிட்டு ஓரடி பின்வாங்கித் தோண்டும் அறிவு அதற்கு இல்லை. வாழைக்கன்றும் தென்னங்கன்றும் நடும்போதே குழியைச் சுற்றி இவ்வலையைக் கூடைபோல் அமைக்கலாம். கோழிவலை பயன்படாது, அதனை எளிதில் கடித்தறுக்கும். வடிகால் வாய்களுக்கு இரும்புச் சல்லடை இடுக. உயர் ஒலி எழுப்பி எலியை விரட்டுவதாக விற்கப்படும் மின்கருவி மண்ணுக்குள் ஊடுருவாது, பணவிரயம். வளைக்குள் கண்ணாடித் துண்டுகளைத் திணிப்போர் உளர். அது அங்கத்தைச் சேதித்தல் என்னும் மற்றோர் அதிசாரம். அதோடு, பின்னர் மண்ணைக் கிளறும் நம் பிள்ளையின் கையையும் அறுக்கும்.

திருநின்றவூர், திருமழிசை, வெள்ளவேடு பக்கங்களில் நிலம் வைத்துப் பயிர் செய்வோருக்கு வரப்பே முதன்மையானது. அகன்று உயர்ந்த வரப்பு எலிக்கு மாளிகை. ஒன்றரை அடி அகலமும் ஓரடி உயரமுமாக வரப்பை ஒடுக்கி, புல் செதுக்கி, சேறு பூசி வைத்தால் வளைக்கு இடமில்லை. அடுத்த நிலத்தாரோடு கலந்து ஒரே சமயத்தில் நடவு செய்வது இன்னொன்று. சம்பா அறுவடையாகாத நிலத்துக்கு அருகில் நவரை நாற்று நின்றால், எலிக்கு ஆண்டு முழுவதும் பந்தி. சொர்ணவாரிக்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடக்கும் இடைவெளி எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவு ஈற்று குறைகிறது. ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஊர் கூடிச் செய்ய வேண்டும். நஞ்சு வைப்பதற்கும் இதே ஒற்றுமை வேண்டும் என்று வேளாண் துறையினர் கூறுகின்றனர். அந்த ஒற்றுமையை வரப்பு செதுக்குவதில் காட்டினால் என்ன?

கூகையைப் பற்றியும் ஒரு சொல். அபசகுனம் என்று அதனைக் கல்லெறிந்து விரட்டுவது இப்பகுதியில் வழக்கம். கூகையின் உணவு பெரும்பாலும் எலியே. சாரைப்பாம்பும் அவ்வாறே. இவற்றை அழைத்துவந்து வேட்டைக்கு ஏவுவது நம் வேலை அன்று. வயலில் கூகை அமர்வதற்கென்றே கோல் நடுவது சிராவகனுக்குப் பொருந்துமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. ஆனால் பழைய பனைமரத்தின் பொந்தை அழிக்காமல் விடுவதும், சாரையைக் கண்டவுடன் தடி எடுக்காமல் இருப்பதும் அகிம்சையே. இயற்கையில் அவை எப்படி வாழ்கின்றனவோ அப்படி வாழட்டும்.

வளையை மூடும் முறை

இறுதியாக, முன்பே குடியேறிய எலியை என்ன செய்வது? வளையை அப்படியே சிமெந்தால் அடைத்தல் உயிரோடு புதைத்தல் ஆகும். ஆகையால் முதலில் மாலையில் எல்லா வாய்களையும் ஈர மண்ணால் இலேசாக மூடுக. காலையில் திறந்திருப்பவையும், புதுமண் தள்ளியிருப்பவையும் உயிருள்ள வளைகள். அவற்றை விட்டு, வெற்று வளைகளை மட்டும் முதலில் கல்லும் சாந்தும் இட்டு அடைக்கலாம். உயிருள்ள வளையின் அருகே உணவும் மறைவும் இல்லாமல் செய்து, நாள்தோறும் அங்கு நடமாடி, மண்குவியலைக் கலைத்துக் கொண்டே இருந்தால், தொல்லை பொறாமல் தாய் குட்டிகளை வாயில் கவ்வி வேறிடம் கொண்டு செல்லும். குட்டிகள் தாமே ஓடும் பருவம் வரும்வரை ஒரு திங்கள் பொறுத்தல் நன்று. பின்னர் வாயில் வைக்கோலைத் தளர்வாகச் செருகுக. மூன்று இரவு அது கலையாதிருந்தால் வளை வெறுமை. அப்போது தோண்டி, கருங்கல் சில்லும் சுண்ணமும் சாந்தும் இட்டு இறுக்கி, மேலே கம்பிவலை பதிக்கலாம். நீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இதனைத் தொடங்க வேண்டா. அக்காலத்தில் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. தையில் தொடங்குக.

கூட்டத்தில் வினவிய அன்பருக்கு இதனையே எழுதி அனுப்பினேன். அவர் தை மாதம் வரை பொறுத்தார். அதற்குள் இரண்டு வாழை போயிற்று. மதிலோரம் ஒரு முழ நீளம் மண் சரிந்தது, கொத்தனார் முட்டுக்கல் வைத்தார். மாசி முதல் வாரத்தில் செருகிய வைக்கோல் முதல் இரவே வெளியே கிடந்ததாம். மறுபடியும் பத்து நாள் பொறுத்துச் செருகியிருக்கிறார். இம்முறை மூன்றாம் நாள் காலையிலும் அது வைத்தபடியே இருந்தது என்று தொலைபேசியில் சொன்னார். கம்பிவலை வாங்கப் பாடிக்குச் செல்வதாகவும், எத்தனை அடி வாங்க வேண்டும் என்றும் கேட்டார். மதிலின் நீளத்தோடு இரு முனையிலும் மும்மூன்று அடி கூட்டி வாங்குமாறு கூறினேன்.